நொண்டிக் குதிரையில் ஒரு கைத்தட்டல்

சத்தியம் தம்பி, சத்தியம்! எங்கம்மா கல்லறை மேல சத்தியம், லுஹான் மாதா மேல சத்தியம், இதோ முள்கரண்டியில குத்தி வெச்சிருக்கேனே இந்த விலாக்கறி மேல சத்தியம்! நான் சொல்றதுல ஒரு வார்த்தை பொய்யின்னா இது என் தொண்டையிலயே நிக்கட்டும். ம்... பாத்தீங்களா, வழுக்கிக்கிட்டு உள்ள போயிருச்சு. அப்ப உண்மைதானே?

அந்தப் பிணவண்டி இதோ இந்த வாசலுக்கு நேராத்தான் வந்துச்சு. பின்னாலயே கார்ல சொந்தக்காரங்க. உள்ள எலியோதோரோ, அதான் இந்த நொண்டிக் குதிரைக் கடையோட முதலாளி, அடுப்புக்காரரும் அவரேதான், அப்பத்தான் விலாவைத் திருப்பிப் போட்டாரு. புகை ஜன்னல் வழியா தெருவுக்குப் போச்சு. வண்டி நின்னுருச்சு. டிரைவர் நிறுத்தலை தம்பி, அதுவா நின்னுச்சு. என்ன திருகியும் கிளம்பல. விதவையம்மா மூக்குலேருந்து கர்ச்சீப்பை எடுத்தாங்க, ஒரு மூச்சு இழுத்தாங்க, அவரு எங்கயும் ஓடிப் போயிர மாட்டாருன்னு சொல்லிட்டு உள்ள வந்து உக்காந்துட்டாங்க. கூடவே மொத்தக் கூட்டமும், பாதிரியார் உள்பட. பாதி சாப்பாட்டுல அந்தம்மாவுக்கு மனசு கேக்கல. அவருக்கும் ஒரு தட்டு வெளிய அனுப்புங்கன்னுட்டாங்க. போன தட்டு கழுவித் தொடைச்ச மாதிரி திரும்பி வந்துச்சு.

நாயா? என்ன தம்பி நீங்க. அன்னைக்கு மத்தாதேரோஸ் பேட்டையில தெருவுல ஒரு நாய் கிடையாது. எல்லா நாயும் கடைக்குள்ளதான் இருந்துச்சு.

ஒயினுக்குக் கொஞ்சம் சோடா ஊத்திக்கங்க. வெயிலுக்கு அதான் நல்லது. சால்தாவிலேருந்து பஸ்ல வந்தேன்னீங்களே, எம்புட்டு தூரம்! வரிசையில வேற நின்னிருக்கீங்க. ஞாயித்துக்கிழமை நொண்டிக் குதிரையில இடம் கிடைக்கறதும் சொர்க்கத்துல இடம் கிடைக்கறதும் ஒண்ணுதான். என்கூட மேசையைப் பங்கு போட்டுக்க வேண்டியதாப் போச்சேன்னு வருத்தப்படாதீங்க. எல்லாம் காரணமாத்தான்.

இந்த எலியோதோரோ இருக்காரே, சாதாரண ஆளில்ல. ஒரு தடவை ஓடை உடைச்சுக்கிட்டு பேட்டைக்குள்ள வெள்ளம் வந்துச்சு. நாற்காலி மிதக்குது, ஒயின் பீப்பா மிதக்குது, அடுப்புல இருந்த தணலும் மிதந்துச்சு தம்பி, எரிஞ்சுக்கிட்டே! மனுஷன் இடுப்பளவு தண்ணியில நின்னு கறியைத் திருப்பிக்கிட்டு இருந்தாரு. வேணா ஒரேஸ்தேகிட்ட கேளுங்க, அதோ அந்த வழுக்கைத்தலை வெயிட்டர். வேண்டாம் வேண்டாம், இப்பக் கூப்பிடாதீங்க. அவன் உளறிருவான்.

உங்க ஊர்ல எப்படியோ, எங்க பேட்டையில ஒருத்தன் பொண்டாட்டியைப் பாத்துச் சிரிச்சாக்கூட ஒரு கெட்ட வார்த்தையோட விட்டுருவாங்க. ஆனா அவன் தணலைக் குச்சியால கிளறினீங்க, கத்தியை உருவிருவாங்க. அடுத்தவன் நெருப்பைத் தொடக் கூடாது. அதே மாதிரி, கறி நல்லா இருந்துச்சுன்னா ஒருத்தராவது எந்திரிச்சு, அடுப்புக்காரருக்கு ஒரு கைத்தட்டல்னு கத்தணும். உடனே சபையே தட்டணும். சால்தாவுலயும் உண்டா? உண்டுல்ல, பின்ன. நாம எல்லாரும் ஒரே நாட்டுக்காரங்க. ஆனா இங்க அந்தத் தட்டுதான் சம்பளம். அது கேக்காம கடை மூடினா அன்னைக்கு அடுப்புக்காரன் தெருவுல தலை காட்ட முடியாது.

அங்கதான் தப்பு நடந்துச்சு. கேளுங்க.

சூடு பாக்கறதுக்குன்னு தணலுக்கு மேல உள்ளங்கையை நீட்டுவேன்... நீட்டுவாரு, எலியோதோரோவைச் சொல்றேன். ஒயின், நாக்கு குழறுது. கை பொறுக்கற அளவுதான் கணக்கு. இத்தனை வருஷம் நெருப்புக்கு மேல நீட்டி நீட்டி அந்தக் கை தோல் செத்து செருப்பாட்டம் ஆயிருச்சு. சூடே தெரியல. கொழுந்துவிட்டு எரியறப்பவும் இன்னும் கொஞ்சம் தள்ளுன்னு தணலைத் தள்ளுவாரு. விலா கரியாயிருச்சு. கறி அடைச்ச சோரிசோக் குடல் வெடிச்சுப் பக்கத்து மேசையில போய் விழுந்துச்சு. அது பொய்யில்ல, ஒரு தையல்காரர் மூக்குக்கண்ணாடி அதுல உடைஞ்சுது. அந்தத் தையல்காரர் என்ன பண்ணினாரு தெரியுமா? உடைஞ்ச கண்ணாடியோட எந்திரிச்சு, அடுப்புக்காரருக்கு ஒரு கைத்தட்டல்னு கத்தினாரு! எல்லாரும் தட்டினாங்க. கரியை மென்னுக்கிட்டே தட்டினாங்க. மரியாதை தம்பி, மரியாதை. அடுப்புக்காரர் முகத்துக்கு நேரா கறி கருகிப் போச்சுன்னு சொல்றவன் இந்த ஊர்ல இன்னும் பொறக்கல.

பொறந்துட்டா. அவரோட பொண்ணு. கிரிசெல்தா.

அதோ அடுப்புக்கிட்ட நிக்கறாளே, முதுகு மட்டும் தெரியுது, தலையில சிவப்புத் துணி. சின்ன வயசுலேருந்து அங்க சுவரோரமா நின்னு சாலட்டுக்குத் தக்காளி நறுக்கினவ. பொம்பளைன்னா சாலட்டு, ஆம்பளைன்னா நெருப்பு, இதுதானே வழக்கம். நாப்பது வயசுக்கு மேலயும் தக்காளிதான். போன ஞாயித்துக்கிழமை சபையே தட்டுது, இவ மட்டும் கையைக் கட்டிக்கிட்டு நிக்கறா. எலியோதோரோ பாத்துட்டாரு. ஏண்டி, உனக்குக் கை இல்லையான்னு கேட்டாரு. கை இருக்கு, நாக்கும் இருக்கு, அதான் தட்டலைன்னா. அத்தனை வெயிட்டருங்க முன்னால! ஒரேஸ்தே கையிலேருந்த தட்டு விழுந்துருச்சு. நல்லவேளை, அந்தக் கருகின கறிதான் வீணாச்சு.

கிழவருக்குக் கோபம் தலைக்கு ஏறிருச்சு. தணல் தள்ற கம்பியைத் தூக்கி அவ முன்னால போட்டாரு. அடுத்த ஞாயிறு நீ நில்லுடி. கடை மூடறதுக்குள்ள ஒரே ஒரு கைத்தட்டல் கேட்டா அடுப்பு உனக்கு. கேக்கலைன்னா சாகற வரைக்கும் தக்காளி நறுக்கு, இந்தப் பேச்சை மறுபடி எடுக்காத. அப்புறம் இன்னொண்ணு, உன் கையால சுட்டதை நான் வாயில வெக்கவே மாட்டேன். அப்படின்னு கத்திட்டு வீட்டுக்குப் போயிட்டாரு. அவ குனிஞ்சு கம்பியை எடுத்துக்கிட்டா.

ஆமா தம்பி. அந்த அடுத்த ஞாயிறு இன்னைக்குத்தான்.

நீங்களே சொல்லுங்க, இந்தக் கறி எப்படி இருக்கு? சும்மா சொல்லாதீங்க, மென்னு சொல்லுங்க. வெளிய மொறுமொறுன்னு, உள்ள சாறு நிக்குது. கொழுப்பு வடிஞ்சு பொன்னிறமா... நான் என்னத்தைச் சொல்ல. இது எலியோதோரோ வாலிபத்துல சுட்டதைவிட நல்லா இருக்கு. எனக்கு எப்படித் தெரியும்னா? தெரியும், விடுங்க. அந்தத் தையல்காரரைப் பாருங்க, எலும்பை எப்படி உறிஞ்சறாருன்னு, புதுக் கண்ணாடியில எண்ணெய் தெறிக்குது. எல்லாத் தட்டும் காலி. ஆனா ஒருத்தன் தட்டறானா? வாசலையே பாக்கறாங்க, பாருங்க. கிழவர் வந்துருவாரோ, நாம மகளுக்குத் தட்டினது தெரிஞ்சா அவரு மனசு நொந்துருவாரோன்னு பயம். கரிக்குக் கை வலிக்கத் தட்டினவங்க இன்னைக்குக் கையைத் தொடைக்கு அடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. அப்படி ஒரு விசுவாசம்! நாசமாப் போக!

அவ தணலை ஒதுக்க ஆரம்பிச்சுட்டா, பாத்தீங்களா. புட்டிங் வேற வெளிய வந்துருச்சு. இன்னும் கொஞ்சத்துல முடிஞ்சிரும்.

நானா? நான் எப்படித் தட்டறது தம்பி. கம்பியைத் தூக்கிப் போட்டுக் கத்தினவன் நானாச்சே. இத்தனை வருஷ மீசையைக் காலையில வழிச்சுட்டு, தூணுக்குப் பின்னால, மச்சினன் தொப்பியைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன். வாசல்ல வெளியூர் ஆளாப் பாத்து, நல்ல தொண்டையா இருக்கற ஆளாப் பாத்து என் மேசைக்கு அனுப்புடான்னு ஒரேஸ்தேகிட்ட நான்தான் சொல்லி வெச்சேன். எந்திரிங்க தம்பி. உங்களுக்கு எலியோதோரோவும் தெரியாது, யாரும் தெரியாது. உங்களுக்குக் கறி பிடிச்சுது, அவ்வளவுதான். பொய் ஒண்ணும் சொல்லச் சொல்லலை. சத்தமா. இன்னும் சத்தமா! அடுப்புக்காரிக்குன்னு சொல்லணும், மறந்துராதீங்க!

அப்பப்பா... கேளுங்க. கூரை ஓட்டை உடைச்சுக்கிட்டு ஆலங்கட்டி விழற மாதிரி! தையல்காரர் நாற்காலி மேலயே ஏறிட்டாரு, கிழட்டுப் பயல். அட, ஒரேஸ்தே, தட்டைக் கீழ வெச்சுட்டுத் தட்டுடா! நானா, நானும்தான் தட்டறேன். மேசைக்கு அடியில, தொடையில. யாருக்குத் தெரியப் போகுது.

திரும்பிட்டா. முகத்தைப் பாருங்க, துணியால துடைக்கறா. இங்க வர்றாளே! நன்றி சொல்ல உங்ககிட்டதான் வர்றா. சீக்கிரம், இந்த எலும்பையெல்லாம் உங்க தட்டுல தள்ளிக்கங்க, இதையும், இந்தக் குடலையும். நான் ரொட்டி மட்டும்தான் தின்னேன், சரியா? தொப்பி நல்லா இறங்கியிருக்கா? தம்பி, யாரு உங்களை எந்திரிக்கச் சொன்னதுன்னு அவ கண்டிப்பாக் கேப்பா. யாரும் சொல்லலை. இங்க ஒரு கிழவன் உக்காந்திருந்தான், ஏதோ பிணவண்டி கதையெல்லாம் விட்டான், ஒரு எழவும் நம்பற மாதிரி இல்லைன்னு சொல்லிருங்க. யார் சொன்னதுன்னு மட்டும் செத்தாலும் சொல்லிராதீங்க.