கராஜ் கதவு நம்பர்

வாரம் ஒரு சாவி தொலையுற வீட்டுக்குச் சாவியில்லாத பூட்டு நல்ல யோசனைதான் சார். வீட்டை விட்டுத் தள்ளி இருக்கற கராஜுக்கு நான்தான் ஆசைப்பட்டு மாட்டினேன். நாலு நம்பர் அழுத்தினா கதவு திறக்கும். நான் எங்க இருந்தாலும் போன்லயே திறக்கலாம், மூடலாம். உள்ளே ஒரு கேமராவும் உண்டு.

என் மச்சான், அதான் என் வீட்டுக்காரியோட அண்ணன், ரெண்டு மாசம்னு வந்து ரெண்டு வருஷமா எங்களோடதான் இருந்தாரு. நம்பர் மறந்துடுதுன்னு பட்டனுக்குப் பக்கத்துலயே கொட்டை எழுத்துல எழுதி வச்சாரு. அழிச்சேன், நம்பரை மாத்தினேன். புது நம்பரையும் கூரியர்காரர், எதிர்வீட்டுக்காரர்னு தெருவுக்கே தானம் பண்ணிட்டாரு. கேட்டா, "இங்க என்ன மாப்ள, தங்கமா கொட்டிக் கிடக்கு?"ன்னு சிரிப்பாரு. வீட்டுக்காரி, "அண்ணன் வெள்ளந்திங்க, விடுங்க"ம்பா. எத்தனை தடவை சார் விடுறது?

மத்தியானம் சாப்பிட்டதும் கராஜுக்குள்ளேயே கார்ல ஏசி போட்டுத் தூங்குவாரு. இன்ஜின் புகை வெளியே போகணும்னு கதவு திறந்தே கிடக்கும். திறந்து கிடந்தா என் போன் பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா கத்தும். "வீட்ல குழந்தை அழுவுதா சார்?"னு ஆபீஸ்ல பக்கத்து சீட்காரர் கேட்பாரு. மானம் போகும்.

செவ்வாய்க்கிழமை ரெண்டு மணிக்குக் கத்துச்சு. கேமராவுல பார்த்தேன். சீட்டைச் சாய்ச்சு, வாயைப் பொளந்துக்கிட்டுத் தூங்கினாரு. கதவை மூடினேன். அப்படியே நம்பரையும் மாத்தினேன்.

மூணு மணிக்கு வீட்டுக்காரி கூப்பிட்டா. "என்னங்க, உள்ளே வண்டி ஓடுற சத்தம் கேக்குது, அண்ணன் போனை எடுக்கல. பழைய நம்பரைப் போட்டா திறக்க மாட்டேங்குது. என்ன நம்பர்?"

நம்பரை போன்ல சொல்றது பாதுகாப்பு இல்லை, நேர்ல வந்து சொல்றேன்னேன். அவ கதவைத் தட்டுற சத்தம் எனக்கு நல்லாவே கேட்டுச்சு. "ஐயோ, சொல்லித் தொலைங்க"ன்னு அழுதா. அவ பக்கத்துல எதிர்வீட்டுக்காரர் குரலும் கேட்டுச்சு. அந்த ஆள் எதிர்ல எப்படிச் சொல்றது?

அவர்தான் கடைசியில கடப்பாறையால கதவை நெம்பினாரு. அதுக்குள்ள மச்சான் போயிட்டாரு.

போன்லயே திறந்திருக்கலாமேன்னு கேக்கறீங்க. திறந்திருக்கலாம். திறந்திருந்தா பிழைச்சிருப்பாரு, அதனாலதான் திறக்கல.

வீட்டுக்காரி இப்ப என் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டேங்கறா. ஒரு வாரம் போகட்டும் சார், பக்குவமா எடுத்துச் சொன்னா புரிஞ்சுக்குவா.