மணல் வாளிகள்

சிவகாசியிலிருந்து விருதுநகர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு பட்டாசுக் கம்பெனி முதலாளியும் அவருடைய மைத்துனரும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“தீயணைக்க மணல் வாளி வைக்கச் சொன்னாகளே, வச்சீகளா மச்சான்?”

“வைக்காம? செவப்பு பெயிண்ட் அடிச்சு வரிசையா மாட்டினேன் மாப்ளே. எவனோ மணலைக் கொட்டிட்டு, கல்யாண வீட்டுல சாம்பார் ஊத்த ரெண்டு வாளியத் தூக்கிட்டுப் போயிட்டான்.”

“அடப்பாவி!”

“அதான் அம்புட்டு வாளியவும் ஒரு ரூமுல போட்டுப் பூட்டிட்டேன். இனி ஒரு பய தொட முடியாது.”

“திடீர்னு தீப்பிடிச்சா?”

“சாவி பத்திரமா இருக்குல்ல!” முதலாளி தன் இடுப்பைத் தட்டிக் காட்டினார். பஸ் திருத்தங்கலைத் தாண்டிக்கொண்டிருந்தது.

“அங்கன ஆளுக வேலை பாத்துக்கிட்டுல்ல இருக்காக?”

“பாக்கட்டும். நாளைக்கு வந்துருவேன்ல.”