புரட்டாசியில் வாங்கிய வில்

அமெரிக்காவில், கேட்டி என்ற ஊரில் வேட்டைச் சாமான் விற்கும் கடை. பில் போடும் வரிசையில் எனக்கு முன்னால் ஒரு தமிழ்த் தம்பதி. கணவர் கையில், கடையில் இருந்ததிலேயே லேசாக இழுக்க வரும் வில்.

"புரட்டாசின்னு முட்டைகூட தொடறதில்ல. மான் வேட்டைக்கு வில்லா?" என்றார் மனைவி.

"ஆபீஸ்ல எல்லாரும் போறாங்க. என்னையும் இன்வைட் பண்ணிருக்காங்க."

"போய்?"

"ஐப்பசி பொறக்கற வரைக்கும் சும்மா குறி பாப்பேன். அம்பு விடமாட்டேன்."

"நேத்து கரப்பான் பூச்சியப் பாத்து சோபா மேல ஏறி நின்னீங்களே?"

"அதுவும் புரட்டாசிதானே. உயிரக் கொல்லக் கூடாது."

"செருப்பால அடிச்சது நான். எனக்கு மட்டும் நேத்தே ஐப்பசி பொறந்துடுச்சா?"