அம்மா சேலையில் பொதிந்த குட்டி

— ஏட்டி ஏஞ்சலு, அடுப்படிக் கதவத் தொற. தொறக்கலன்னா ஒடைச்சுட்டு வருவேன்.

— ஒடைங்கப்பா. கதவு எம்மேலதான் விழும். ஜாக்கி எனக்குப் பொறத்தால கெடக்கு.

— அந்தச் சவம் இன்னைக்குச் சாவணும். பொறவாசலையும் வெளிய தாப்பாப் போட்டாச்சு, எங்கன ஓடுவீங்க ரெண்டு பேரும்?

— கம்பியால அடிச்சு விலாவ ஒடைச்சிட்டீங்க. மூச்சு விட்டா வாயில ரத்தம் வருது. இன்னும் என்னத்த அடிக்கணும்?

— அடிச்சும் சாகல பாரு. கெழட்டு மூதிக்கு உசிரு எங்கன ஒளிஞ்சிருக்குன்னு தெரியல.

— ஒரு அடி என் தோள்ல விழுந்ததுப்பா. கையத் தூக்க முடியல.

— நீ எதுக்குட்டி குறுக்க விழுந்த?

— அம்மா வளத்த நாய்ப்பா அது. வேற யாரு விழுவா?

— ஏங்க, போதும். கம்பியக் கீழ போடுங்க.

— நீ சும்மா இரு ஷீலா. ஒன் கையப் பாத்தியா? சதை தொங்குது. துண்ட இறுக்கிக் கெட்டு.

— என் கை கெடக்கட்டும். மிட்டுக் குட்டியப் பாருங்க. வயித்தக் கவ்வி ஒதறிட்டு. கொடல உள்ள தள்ளிப் பிடிச்சிருக்கேன், நிக்க மாட்டேங்குது.

— கண்ணு முழிச்சிருக்குல்லா?

— முழிச்சு என்னையவே பாக்குது. ஆண்டவரே, ராயகிரியில அதுபாட்டுக்குத் தாய்கிட்ட பால் குடிச்சிட்டுக் கெடந்தது. நான்தான் தூக்கிட்டு வந்தேன். நான்தான் கொன்னேன்.

— நீ ஏன் அப்படிச் சொல்லுத? கடிச்சது உள்ள கெடக்க சவம்.

— நாய்க்கு என்னங்க தெரியும்?

— எல்லாம் தெரியும். நீ கல்யாணம் ஆகி வந்த நாள்ல இருந்து ஒன்னைய நிம்மதியா அடுப்படிக்குள்ள விட்டுச்சா? காலு வச்சாலே உறுமுது. குட்டி ஒண்ணு வந்தா கெழடு இளகும்னு நீ சொல்லப் போயித்தானே சரின்னேன்.

— இளகத்தான் செஞ்சது. நேத்து வரைக்கும் இரும்புக் கேட்டுக்கு அங்கிட்டும் இங்கிட்டுமா நிக்க வச்சு மோந்து பாக்க விட்டேன். மிட்டுவ நக்கிக்கூடக் குடுத்தது.

— பொறகு இன்னைக்கு என்ன கேடு வந்தது அதுக்கு?

— இன்னைக்கு செத்துப்போன அக்காவோட பச்சைச் சேலையில பொதிஞ்சு தூக்கிட்டுப் போனேன்.

— எது, நம்ம ஊருத் தறிச் சேலையா? அது ஏஞ்சலு பீரோவுல இருந்ததுல்லா.

— அதுதான். அக்கா வாசம் பட்டா ஜாக்கி சேத்துக்கும்னு.

— யாரு சொன்னா?

— நானாத்தான் நெனச்சேன்.

— நல்லதுதானே நெனச்சிருக்க. வளத்தவ வாசத்துக்கு வால ஆட்டாம, பச்சைப் பிள்ள மாதிரி இருக்கதப் போயிக் கொதறுமா?

— ஏங்க.

— என்ன?

— மிட்டு ஒதறல் நின்னுட்டு.

— செத்துட்டா?

— போயிட்டு.

— சரி. சங்கரசுப்பு வீட்டுல கடப்பாரை கெடக்கு. வாங்கிட்டு வாரேன். கதவு நெலையோட பேந்து வரணும்.

— மொதல்ல ஒரு ஆட்டோ பிடிச்சிட்டு வாங்க. பெரியாசுபத்திரியில ஊசி போடணும்.

— கடப்பாரைதான் மொதல்ல. ஒனக்கு ஊசி போடும்போது அந்த நாய் உசிரோட இருக்கக் கூடாது.

— ஏஞ்சலு. அப்பா வெளிய போயிட்டார்.

— மிட்டு நெசமாவே செத்துட்டா சித்தி?

— துண்டுல பொதிஞ்சு மடியில வச்சிருக்கேன். சூடு இன்னும் ஆறல.

— சாரி சித்தி. மிட்டு மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல.

— யாரு மேல இருந்தது?

— சேலைய நான் குடுத்தேன்னு ஏன் அப்பாகிட்ட சொல்லல நீங்க?

— சொல்லியிருந்தா ஒனக்கு இன்னொரு அடி விழுந்திருக்கும்.

— விழட்டும். அம்மா போயி வருசம் திரும்பல. அவ கரண்டிய நீங்க பிடிச்சு நிக்கதப் பாத்தா எனக்கு வயிறு எரியுது. உங்க சோத்தத் தின்னும்போதெல்லாம் எரியுது.

— தெரியும். அந்தச் சேலையில என்ன இருக்கு ஏஞ்சலு?

— அம்மா இங்கனதான் நெஞ்சப் பிடிச்சு விழுந்தா. அப்ப அதத்தான் கெட்டியிருந்தா. நான் காலேஜ் விட்டு வந்து பாக்கேன், ஜாக்கி அம்மா முந்தானையக் காலடியில போட்டு நிக்கி. ஒருத்தரையும் கிட்ட விடல. தூக்க வந்த அத்தை கையக் கவ்விக் கிழிச்சிட்டு.

— அப்பாவுக்குத் தெரியாது.

— தெரிஞ்சா அன்னைக்கே கொன்னுருப்பார். வேலிக் கம்பி கிழிச்சதுன்னு அத்தை சொல்லிட்டா. இன்னைக்கு வரைக்கும் என்னையத் தவிர அந்தச் சேலைய யாரு எடுத்தாலும் அதுக்கு வெறி பிடிக்கும்.

— அப்ப, தெரிஞ்சுதான் குடுத்த.

— குட்டியப் பொதியக் குடுக்கல சித்தி. உங்களக் கெட்டிக்கிடச் சொல்லித்தானே குடுத்தேன். கெட்டிட்டுப் போயி சோறு வைங்க, சேத்துக்கும்னு சொன்னேன்லா.

— சொன்ன.

— ஜாக்கி உங்க மேல பாயணும். உங்க கழுத்துல பாயணும். அதான் நெனச்சேன். போதுமா? இப்ப அப்பாகிட்ட சொல்லுங்க.

— சொல்ல மாட்டேன். அப்பா போனதும் பொறவாசத் தாப்பாள எடுத்து விட்டுட்டுத்தான் இங்கன வந்து உக்காந்தேன். அவர் வந்துட்டார்னா தடுக்க என்னால ஆவாது. நாயத் தூக்கிட்டு ஒங்க அத்தை வீட்டுக்கு ஓடு.

— என்னைய ஏன் காப்பாத்துதீங்க?

— கேட்டு தொறக்கச் சத்தம் கேக்கு. ஓடுட்டி.

— ஓடுதேன். ஒண்ணு மட்டும் சொல்லுங்க சித்தி. கெட்டிக்கிடுதேன்னு சிரிச்சிட்டே வாங்குனீங்களே, ஏன் கெட்டல?

— ஒங்க அத்தை கைத் தழும்ப எங்க கல்யாணத்தன்னைக்கே பாத்துட்டேன்ட்டி. வேலிக் கம்பி அப்படிக் கிழிக்காது, நாய்ப் பல்லுதான் கிழிக்கும். அதான் நீயா வந்து சேலைய நீட்டவும், மொதல்ல குட்டியச் சுத்திப் பாத்தேன்.