பிடிபட்டவர் தேட வேண்டும்

மாலை ஏழு மணி. படகுத்துறையிலிருந்து தேவாலயத்துக்கு ஏறும் பாதை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கடல். கடைசிப் படகு போய்விட்டது. பாதையில் ஏறுகிறவள் ஒருத்திதான். தேவாலயம் இன்னும் தூரத்தில், ஒரு கை அகலத்துக்குத்தான் தெரிகிறது... அதற்குள் மெழுகு வாசனை வந்துவிட்டது.

கிட்டே வந்து உட்காருங்கள். போர்வையை ஒருத்தரே சுருட்டிக்கொள்ள வேண்டாம், கொஞ்ச நேரத்தில் எல்லாருக்கும் வேண்டியிருக்கும். இது என் நண்பனின் சித்திக்கு நடந்தது.

சித்திக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. ஊருக்கெல்லாம் பார்வை அளந்து கொடுப்பாள். அவள் கண்ணாடியைக் கழற்றினால் எதிரே நிற்பது ஆளா தூணா என்று தெரியாது. கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டாள். அப்பாவும் அவளும் மட்டும்தான் வீட்டில். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து நாலு மாதமாகப் படுக்கை. ஒரு பக்கம் அசையாது. பேச்சும் குழறும். அந்தக் குழறலிலும் ஒரே பேச்சுதான்.

"அந்த அடி ஏன்னு தெரியாம நான் போகக் கூடாதும்மா."

அவருடைய தாத்தாவிடம் வாங்கிய அடி. கப்பலில் தனியாக வந்து இறங்கி, இங்கே கல்யாணம் செய்துகொண்ட மனிதர் என்பதால் வீட்டில் அவருக்குக் கப்பல் தாத்தா என்றே பெயர். ஏதோ ஒரு தீவிலிருந்து வந்தார். எந்தத் தீவு என்று யார் கேட்டாலும் வாயைத் திறக்க மாட்டார். பரம சாது. பேரனாகிய அப்பா, ஐந்து வயதில், கண்ணாமூச்சி விளையாட மரப் பீரோவுக்குள் போய் ஒளிந்துகொண்டார். கப்பல் தாத்தா வீடு முழுக்கத் தேடிப் பீரோவைத் திறந்தார். பளார் என்று ஓர் அறை. அடித்த கையோடு பையனைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாராம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் கண்ணாமூச்சி ஆடியதில்லை.

எழுபது வருஷமாக அந்த அடி அப்பாவின் கன்னத்திலேயே இருந்தது. அதற்காகத்தான், அப்பாவைத் தன் அக்காவிடம் விட்டுவிட்டுச் சித்தி கிளம்பினாள்.

பழைய குடியேற்ற அலுவலகத்தின் காப்பகத்தில் கப்பல் தாத்தாவின் அட்டை கிடைத்தது. வந்த இடம் என்று ஒரு தீவின் பெயர் இருந்தது. அந்தத் தீவுக்குப் போனால் பாதிரியார் சிரித்துவிட்டார். "கப்பல் இங்கிருந்து கிளம்பிச்சு, அவ்வளவுதாம்மா. ஏறினவங்க எல்லாருக்கும் இந்த ஊரையே எழுதி வெச்சுட்டாங்க. சுத்தி இருக்கற குட்டித் தீவுல ஏதாவது ஒண்ணாத்தான் இருக்கும்." ஒவ்வொரு தீவாக ஏறி இறங்கினாள். ஒவ்வொரு தேவாலயத்திலும் ஞானஸ்நானப் புத்தகத்தைப் புரட்டினாள்.

அட்டையில் இன்னொன்றும் இருந்தது. தாத்தா பெயருக்குக் கீழே ஒரு பெண் குழந்தையின் பெயர். மகள், வயது ஆறு. அதன் மேல் ஒரு கோடு. ஓரத்தில் 'கண்' என்று மட்டும் ஒரு குறிப்பு. சித்திக்கு விளங்கிவிட்டது. கண் சிவந்து சீழ் வைக்கும் நோய், ஒட்டுவாரொட்டி. அந்தக் காலத்தில் அது இருந்தால் கப்பலில் ஏற்ற மாட்டார்கள்.

போனில் அப்பாவிடம் சொன்னாள்.

"எனக்கு ஒரு அத்தை இருந்தாளா?" என்றார் அப்பா.

அந்த அத்தையைத் தேடித்தான் சித்தி அன்று மாலை ஏழு மணிக்கு அந்தப் பாதையில் ஏறிக்கொண்டிருந்தாள்.

மேலே சாவிக்காரம்மா காத்திருந்தாள். தேவாலயத்தைப் பெருக்கித் துடைத்துப் பூட்டுகிறவள். இடுப்பில் சாவிக்கொத்து. புத்தகங்களை அவளே எடுத்துப் போட்டாள். ஞானஸ்நானப் புத்தகத்தில் தாத்தாவின் பெயர் இருந்தது. பல வருஷம் தள்ளி, மகளின் பெயர். அதே பெயர் அடக்கப் புத்தகத்திலும் இருந்தது. கப்பல் கிளம்பிய அதே மாதம்.

"கண் நோய்லயா போனா?" என்று கேட்டாள் சித்தி.

"இல்லம்மா. என் மாமியார் சொல்லுவாங்க. தாயில்லாப் பொண்ணு. அப்பனை விட்டு நகரவே நகராதாம். டாக்டர் ஏத்தக் கூடாதுன்னுட்டார். டிக்கெட் வாங்கறதுக்கு இருந்த வீட்டையும் வித்தாச்சு. அப்பன் என்ன பண்ணுவான்? சம்பாதிச்சுட்டு வந்து கூட்டிக்கலாம்னு பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்துக்கச் சொன்னான். ஆனா இவ கையை விட்டாத்தானே. வா, கண்ணாமூச்சி ஆடலாம், நீ ஒளிஞ்சுக்கோ, நான் தேடி வரேன்னு சொல்லிட்டு... படகுல ஏறிட்டான்."

சித்தி புத்தகத்தை மூடி வைத்தாள்.

"பக்கத்து வீட்டுக்காரி வந்து பார்த்தா பொண்ணைக் காணோம். சரி, மனசு கேக்காம எப்படியோ கூடவே கூட்டிட்டுப் போயிட்டான் போலன்னு இருந்துட்டா. அவனோ, குழந்தை இங்க பத்திரமா இருக்குன்னு நினைச்சுப் போயிட்டான். அப்புறம் அவன் எழுதின கடுதாசியிலதான் ஊருக்கே விஷயம் தெரிஞ்சுது. ரெண்டு பக்கமும் யாரும் தேடலம்மா."

மணிக்கூண்டுப் படிக்குக் கீழே ஒரு சின்ன அலமாரி. மெழுகுவத்திக் கட்டுகள் வைக்கிற இடம். ஞாயிற்றுக்கிழமைக்கு மெழுகுவத்தி எடுக்க வந்தவர்தான் அதற்குள் குழந்தையைக் கண்டெடுத்தாராம்.

"பூட்டிக்கிச்சா?"

"தாழ்ப்பாளே கிடையாதும்மா. தள்ளினா திறக்கும். காய்ச்சல் வேற இருந்திருக்கு. கூப்பிடற வரைக்கும் வெளிய வரக் கூடாதுன்னு அப்பன் சொல்லிட்டுப் போயிருக்கான்... கேட்டுக்கிட்டா."

சித்தி அந்த அலமாரியின் முன்னால் போய் உட்கார்ந்தாள். கதவைத் திறந்தாள். மெழுகுவத்திக் கட்டுகள், தூசி. வேறொன்றும் இல்லை. ஆனால் உள்ளே, மிகக் கிட்டத்தில், யாரோ சிரிப்பை அடக்கும் சத்தம்... மூக்கு வழியாக வருமே, அந்த மாதிரி.

அவளுக்கு நெஞ்சு வெடித்துவிட்டது. பயத்தில் அல்ல. இத்தனை வருஷமாக இது சிரிப்பை அடக்கிக்கொண்டு காத்திருந்ததே என்று.

"கண்டுபிடிச்சுட்டேன்டி தங்கம்," என்றாள் அழுதுகொண்டே. "வெளிய வா. வீட்டுக்குப் போகலாம்."

சாவிக்கொத்து கீழே விழுந்த சத்தம் கேட்டுத் திரும்பினாள். சாவிக்காரம்மாவின் முகத்தில் ரத்தமில்லை.

"நாங்க யாரும் இங்க 'கண்டுபிடிச்சுட்டேன்'ங்கற வார்த்தையைச் சொன்னதில்லம்மா. பிடிபட்டவங்கதானே அடுத்து தேடணும்?"

இரவு போனில் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா அழுதார். பிறகு, எழுபது வருஷத்துக்குப் பிறகு, நிம்மதியாக ஒரு மூச்சு விட்டார். "அப்போ அந்த அடி எனக்கில்ல," என்றார். கொஞ்சம் பொறுத்து, "அவளைக் கூட்டிட்டு வந்துடும்மா. அன்னிக்கு அப்புறம் நான் ஒளிஞ்சதே இல்ல. இந்தத் தடவை நான் ஒளிஞ்சுக்கறேன்னு சொல்லு."

கிழவர் பிதற்றுகிறார் என்று சித்தி நினைத்தாள். இருந்தாலும் திரும்பும் படகில், பக்கத்தில் இருந்த காலி இருக்கையைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள். ஏன் சொன்னாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

ஊர் திரும்பியதும் குடியேற்றச் சோதனை. கவுண்டரில் இருந்தவர் கடவுச்சீட்டில் முத்திரை குத்தப் போனவர், நிறுத்தி, எம்பிக் கீழே பார்த்தார்.

"பாப்பாவுக்குக் கண்ணு ஏன் இப்படிச் சிவந்திருக்கு?"

அவர் தன் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். என்னவோ முணுமுணுத்தார். முத்திரையைக் குத்திவிட்டார்.

வீட்டு வாசலில் அக்கா, அதாவது என் நண்பனின் அம்மா, தலைவிரி கோலமாக நின்றுகொண்டிருந்தாள். அப்பாவைப் படுக்கையில் காணோம். கஞ்சி எடுக்கப் போய்த் திரும்புவதற்குள்... தானாகப் புரண்டுகூடப் படுக்க முடியாத மனிதர். தெருவெல்லாம் தேடியாயிற்று. கிணறுகூடப் பார்த்தாயிற்று.

சித்தி பையை வாசலிலேயே போட்டாள். நேராகப் போய் மரப் பீரோவைத் திறந்தாள்.

துணிகளுக்குப் பின்னால், முழங்காலைக் கட்டி, மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார் அப்பா. உடம்பு சில்லிட்டிருந்தது. இரண்டு உள்ளங்கைகளும் வாயைப் பொத்தியிருந்தன... அசையாத கையும்தான். கையை விலக்கினால், உதட்டில் சிரிப்பு. பீரோ முழுக்க மெழுகு வாசனை.

காரியமெல்லாம் முடிந்து எல்லாரும் போன பிறகு, அந்தி நேரத்தில், வாசல் கதவுக்குப் பின்னாலிருந்து எண்ணும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஒன்று... இரண்டு... மூன்று... குழந்தைக் குரல் இல்லை. நாக்குக் குழறும் குரல். அப்பா.

அவரும் பிடிபட்டுவிட்டார் அல்லவா.

சித்தி ஒளியவில்லை. விளக்கையெல்லாம் போட்டுக் கூடத்தின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாளாம். எண்ணி முடியும். செருப்பில்லாத கால் ஒன்று இழுத்து இழுத்து அறை அறையாகப் போகும். சித்தியைத் தாண்டித்தான் போகும். நிற்காது. ஒளிந்தவர்களைத்தானே தேடுவார்.

என் நண்பன் தன்னோடு வந்துவிடச் சொன்னான். அவள் சொன்ன பதிலை அவன் என்னிடம் சொன்னான். "எங்க அப்பாடா. கண்ணு முன்னாடியே உக்காந்திருக்கேன், என்னைத் தெரியல அவருக்கு. பாவம், காலை இழுத்துக்கிட்டு எவ்வளவு நாள் தேடுவார்?"

போன மாதம் ஒரு மாலை அவள் போனை எடுக்கவில்லை. நண்பன் சாவி எடுத்துக்கொண்டு போனான். தனியாகப் போகப் பயம். என்னைப் போனில் பேச வைத்துக்கொண்டே நடந்தான். கூடத்தில் விளக்கு எரிகிறது என்றான். நாற்காலி காலி என்றான். நாற்காலியின் மேல் சித்தியின் கண்ணாடி மடித்து வைத்திருக்கிறது என்றான்.

எனக்குப் புரிந்துவிட்டது. பீரோவிடம் போகாதே, போனாலும் வாயைத் திறக்காதே என்று கத்தினேன். அவனுக்குக் கேட்டதோ இல்லையோ. பீரோக் கதவு கிறீச்சிடும் சத்தம் வந்தது. அப்புறம் அவன் குரல், அழுகையும் நிம்மதியுமாக, குழந்தையிடம் பேசுகிற மாதிரி...

"சித்தி... இங்கதான் இருக்கீங்களா. கண்டுபிடிச்சுட்டேன்."