பெயர் எழுதாத பக்கங்கள்

சட்டைப் பையில் வைத்துக்கொள்கிற நோட்டு கட்டம் போட்டதாக இருப்பதுதான் நல்லது. கோடு போட்டதில் வேகமாக எழுதினால் எழுத்து சாய்ந்துவிடும். இந்த ஸ்டேஷனில் உங்கள் மேசையில் இருப்பது கோடு போட்டது, தம்பி. வந்ததும் சொல்ல நினைத்தேன். போகட்டும்.

பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலிருந்து நான் நாள்தவறாமல் எழுதுகிறேன். வானம் எப்படி இருந்தது, என்ன சமைத்தோம், யார் வந்தார்கள், அவ்வளவுதான். எங்கள் தெருவில் பசு கன்று போட்டது எந்த நாள் என்று சண்டை வந்தாலும், பாட்டன் இறந்தது எந்த நாள் என்று சந்தேகம் வந்தாலும், "பூருல் அக்கா நோட்டுல என்ன இருக்குன்னு பாருங்கடா" என்றுதான் சொல்வார்கள். பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விடுவார்கள். என் கணவர்கூடக் கேலி செய்வார்: "நான் செத்துட்டேன்னு நீ எழுதிட்டா, நான் பேசாம படுத்துக்க வேண்டியதுதான் போல." அந்த நோட்டில் பொய் இருக்காது என்பது எங்கள் ஊர் நாரினில் எல்லாருக்கும் தெரியும்.

பெயர்களை ஏன் எழுதவில்லை என்று கேட்டீர்கள். உங்கள் வீட்டிலும் இந்தப் பழக்கம் இருந்திருக்கும்; உங்கள் அம்மாவைக் கேளுங்கள். வாக்கப்பட்டு வந்த வீட்டு ஆண்களின் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. சொல்லக் கூடாததை எழுதலாமா? என் கணவரை 'வீட்டுக்காரர்' என்று எழுதினேன். அவருடைய தம்பியை 'சின்னவர்' என்று எழுதினேன். மற்றவர்களை 'ஒருவர்' என்று எழுதினேன். இது மறைப்பு இல்லை, மரியாதை.

வீட்டுக்காரர் உறைந்த ஆற்றில் பனிக்கட்டி உடைந்து விழுந்து போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. துக்கம் முடிந்ததும் மாமியார் ஒருநாள் மாவு பிசைந்துகொண்டே பேச்செடுத்தார்.

"வந்த வீட்டை விட்டு நீ எங்கடி போகப்போறே? சின்னவனும் தனியாத்தானே கிடக்கான். அந்தக் காலத்துல அண்ணன் போனா தம்பிதான் கையைப் பிடிப்பான். ஊர்ல யாரும் சிரிக்க மாட்டாங்க."

நான் அடுப்பில் விறகு வைத்தேன். அந்த வருஷமே மாமியாரும் காலமானார். போன வசந்தத்தில் சின்னவர் தலைநகரிலிருந்து மேரிமைக் கட்டிக்கொண்டு வந்தார். எனக்கு அதில் வருத்தம் கிடையாது. வேண்டுமானால் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். 'லேசான மழை. விருந்துக்கு இரண்டு ஆடு. பெண் உயரம் குறைவு.' இதில் வருத்தம் எங்கே இருக்கிறது?

மேரிம் நல்ல பெண்தான். போன் கடையில் வேலை பார்த்தவள், எதற்கும் சிரிப்பாள். பெயர் சொல்லக் கூடாது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான்.

"அப்ப தெருவுல தூரத்துல போறவரை எப்படிக்கா கூப்பிடறது? கல்லை விட்டு எறியவா?"

"பட்டப்பேர் ஒண்ணு வெச்சுக்கோ."

"கண்ணு ஆபரேஷன் பண்ணிக்கிட்டாரே, அந்தப் பெரியப்பாவுக்கு?"

"அவருக்கும்தான்."

"சரி, அவர் பேரு சொட்டு மருந்து." சொல்லிவிட்டு அவளே விழுந்து விழுந்து சிரித்தாள்.

அவர் எங்கள் மாமனாரின் அண்ணன். இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். இந்தக் குளிர்காலத் தொடக்கத்தில் கண்புரை எடுத்தார்கள். அவருடைய மருமகள் பகலில் வேலைக்குப் போய்விடுவாள் என்பதால், மதிய மருந்து விட எங்கள் வீட்டுக்கு வருவார். முதலில் என்னிடம்தான் வந்தார். எனக்குக் கை நடுங்கும் என்று சொல்லி மேரிமிடம் விட்டேன்.

சின்னவர் எல்லைக்குச் சரக்கு ஏற்றிப் போகும் லாரி ஓட்டுகிறார். வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். நான் ரொட்டி சுடும்போது மேலங்கியைக் கழற்றி அடுப்புக்குப் பக்கத்து ஆணியில் மாட்டுவேன். நோட்டு அதன் பையில் இருக்கும். ஒருநாள் எடுத்தபோது பக்கத்தில் டீசல் வாடை அடித்தது. ஓரத்தில் கட்டைவிரல் ரேகை. சின்னவர் படிக்கிறார் என்று புரிந்தது. தான் இல்லாத நேரத்தில் வீட்டில் என்ன நடக்கிறது என்கிற யோசனை ஒரு மனுஷருக்கு இருக்காதா? நான் கோபப்படவில்லை. ஆணியையும் மாற்றவில்லை. அடுப்படியில் வெளிச்சம் குறைவு என்பதால் அன்றிலிருந்து எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக எழுதினேன்.

எழுத்து பெரிதானால் பக்கத்தில் குறைவாகத்தான் கொள்ளும். அதனால் சிலதை விட வேண்டி வந்தது. எழுதியதை நீங்களே படித்தீர்கள். 'மதியம் ஒருவர் வந்தார். பெயர் எழுதக் கூடாதவர். மேரிம் கதவைச் சாத்தினாள்.' பனிக்காலத்தில் கதவைத் திறந்து போட்டுக்கொண்டா உட்கார்வார்கள்? சாத்தினாள், எழுதினேன். 'இன்றும் வந்தார். சிரிப்புச் சத்தம் கேட்டது.' கேட்டது. 'அவர் தலை மேரிமின் மடியில் இருந்தது.' கிழவருக்குக் கழுத்து நிற்காது, மடியில் வைத்துத்தான் மருந்து விட வேண்டும். இதில் ஒரு சொல்லைப் பொய் என்று காட்டுங்கள். அவருக்கு என்ன வயது என்று எழுதவில்லை, அவ்வளவுதான். பக்கம் சின்னது.

அந்தப் பெரியப்பாவுக்கு ஒரு மகன் உண்டு. முப்பத்தெட்டு வயது, மல்யுத்தக்காரர், நல்ல உயரம். கல்யாணத்தில் மேரிமோடு ஆடினார். அன்றே சின்னவர் முகம் சரியில்லை. அந்த மகன் பெயரும் நான் சொல்லக் கூடாததுதான். கல்யாணத்துக்குப் பிறகு அவர் எங்கள் வாசலை மிதித்ததில்லை. வராதவரைப் பற்றி நோட்டில் எழுதுவதில்லை.

கடைசி ராத்திரிச் சாப்பாட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சின்னவர் கறியைத் தொடாமல் கேட்டார்.

"நான் இல்லாதப்ப வீட்டுக்கு யாராச்சும் வந்தாங்களா?"

மேரிம் நூடுல்ஸுக்கு மாவு தேய்த்துக்கொண்டிருந்தாள். "இந்தக் குளிர்ல யாருங்க வருவாங்க?"

"யாருமே வரலையா?"

"நாய்கூட எட்டிப் பார்க்கலை. உங்களுக்கு விருந்தாளி வேணும்னா சொல்லுங்க, நானே வெளியில போய்க் கதவைத் தட்டறேன்."

பெரியப்பா எங்கள் வீட்டு மனுஷர், அவரை யார் விருந்தாளியாக எண்ணுவார்கள்? அவள் பொய் சொல்லவில்லை. அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. நான் கிண்ணங்களில் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். சின்னவர் என் பக்கம் பார்த்தார், ஆனால் கேட்கவில்லை. கேட்டால் நோட்டைப் படித்ததை ஒத்துக்கொள்ள வேண்டும். என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

காலையில் மேரிமுக்கு டீயைக் கிண்ணம் வழிய ஊற்றிக் கொடுத்தேன். எங்களில் மதிப்பு உள்ளவர்களுக்குப் பாதிதான் ஊற்றுவோம். வழிய ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று பொருள். நகரத்துப் பெண், அவளுக்கு அது தெரியவில்லை. "இன்னைக்கு என்னக்கா இவ்வளவு பாசம்?" என்றாள்.

அப்போதுதான் சின்னவர் உள்ளே வந்தார். "கிளம்பு. உங்கம்மா வீட்டுல விட்டுடறேன்."

"இப்பவா? அம்மாவுக்கு ஏதாச்சும் ஆயிடுச்சா?"

"கிளம்புன்னா கிளம்பு."

அவள் என்னிடம் வந்தாள். "அக்கா, இவருக்கு என்னாச்சு? நான் என்ன பண்ணேன்? நீங்களாச்சும் சொல்லுங்களேன்." நான் தட்டுகளை அடுக்கினேன். "சரி, என் தடிக் கோட்டு எங்கக்கா? ஆணியில காணோமே."

"தேடிப் பார்" என்றேன்.

முந்தின நாள்தான் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தேன், பூச்சி அரிக்காமல் இருக்க. சாவி என் பையில், நோட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. லாரிக்குள் சூடாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். 'மேரிம் கோட்டு இல்லாமல் கிளம்பினாள். காற்று வடக்கிலிருந்து.' அன்றைய பக்கம் அதுதான். வண்டி தெருமுனை திரும்புவதற்குள் எழுதி முடித்துவிட்டேன்.

தலைநகர் போகும் வழியில், மலைக் கணவாயில் நடந்ததைச் சின்னவர் உங்களிடம் சொல்லியிருப்பார். உச்சியில் வண்டியை நிறுத்தி, இறங்கி நட என்றாராம். "என்ன பண்ணேன்னு சொல்லிட்டுப் போங்க" என்று அவள் கதவைப் பிடித்துக்கொண்டாளாம். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்து ஏற்றிக்கொள்ளத்தான் நினைத்திருந்தார். பனிப்புயலில் அந்த நீள வண்டியைத் திருப்ப இடம் கிடைக்கவில்லை. திரும்பி வந்தபோது அவள் பாதை ஓரத்தில் உட்கார்ந்திருந்தாளாம், கைகளைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு.

மறுநாள் காலையில் அவர் அவளை வீட்டுக்கே கொண்டுவந்தார். பெரிய அறையில் கிடத்திவிட்டு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தார். அக்கம்பக்கத்தில் இன்னும் யாருக்கும் சொல்லவில்லை. மதியம் ஆனது. கதவு திறந்தது. பெரியப்பா ஒரு கையில் தடி, ஒரு கையில் மருந்துப் புட்டியோடு வந்தார்.

"எங்கே அந்தக் குட்டி? கண்ணு எரியுதுடா. நேத்தும் வந்து தட்டிப் பார்த்தேன், யாரும் திறக்கலை. அவ மடியிலதான் எனக்குச் சரியா மருந்து விழும், இந்த வீட்டுல வேற யாருக்கும் கை நிக்காது."

சின்னவர் அந்தப் புட்டியைப் பார்த்தார். கிழவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், ரொம்ப நேரம். கேட்கவேண்டியதை அப்போதும் கேட்கவில்லை.

நான் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். பெரியப்பாவின் தலையை மடியில் வைத்து இரண்டு கண்ணிலும் சொட்டு விட்டேன். ஒரு சொட்டும் வெளியே விழவில்லை. நான் நிமிர்ந்தபோது சின்னவர் வீட்டில் இல்லை. தொப்பிகூட இல்லாமல் உங்கள் ஸ்டேஷனுக்கு நடந்திருந்தார்.

அவரை எப்போது விடுவீர்கள்? வேகத்தில் செய்தது, மனசறிந்து செய்ததில்லை. அறிந்து செய்ய வேண்டுமானால் நடந்தது என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். அந்த வீட்டில் அது தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தக் கடைசிப் பக்கத்தில் விரலை வைத்திருக்கிறீர்கள். அவள் அடக்கம் முடிந்த அன்று எழுதியது. 'வானம் தெளிவு. வீட்டுக்காரருக்குச் சூப் கொண்டுபோக வேண்டும்.' வீட்டுக்காரர் செத்து ஆறு வருஷமாகிறதே, சூப் யாருக்கு என்கிறீர்கள். அடித்துவிட்டுச் 'சின்னவர்' என்று திருத்தி எழுதச் சொல்கிறீர்கள்.

அது முடியாது, தம்பி. என் நோட்டில் நான் எதையும் அடித்ததில்லை. பொய்யும் எழுதியதில்லை.