மீட்டிங்குக்கு முன்னாடி ஒரு முடிவெட்டு

தலையை ஆட்டாதீங்க சார். மெஷின்தான், ஆனாலும் காது போனா ஒட்ட வெக்க எனக்குத் தெரியாது. ஆமான்னு வாயால சொன்னாப் போதும்.

என்ன கேட்டீங்க, வியாபாரமா? உங்க யூனிவர்சிட்டி கேட்டுக்கு நேர் எதிர்ல சலூன் வெச்சிருக்கேன், எனக்கென்ன குறை? வேலைக்கு ஆள் எடுக்கக் கம்பெனிக்காரங்க வந்தா, ஒரே நாள்ல அத்தனை பசங்களும் நல்ல பிள்ளையாகணும். பரீட்சை நேரத்துல ஒரு தலை வராது. தீசிஸ் எழுதுறவங்க இருக்காங்களே, தாடியைப் பாத்தே எந்த அத்தியாயத்துல மாட்டிக்கிட்டு முழிக்கிறாங்கன்னு சொல்லிடுவேன். எழுதி முடிச்சவன் வந்து உக்காந்தா, அவங்கம்மாவுக்கு முன்னாடி நான்தான் அவன் மூஞ்சியைப் பாக்குறேன்.

சிரிக்காதீங்க, மீசை கோணிக்கும்.

உங்க அறிக்கையைப் படிச்சேன் சார். ஏன், நான் படிக்கக் கூடாதா? பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரி உங்களுக்கு எடுக்கும்போது எங்களுக்கும் ஒண்ணு எடுத்துட்டா. பல்கலைக்கழகம் இல்லேன்னா இந்த ஊரே இல்லேன்னு எழுதியிருக்கீங்க. நூத்துக்கு நூறு உண்மை. என்கிட்ட வர்ற காசு மெஸ் நடத்துற அக்காகிட்ட போகுது, அக்கா இஸ்திரி மாமாகிட்ட குடுக்குறா, மாமா என்கிட்டயே வந்து ஷேவ் பண்ணிக்கிறார். இதைத்தானே அம்புக்குறி போட்டு வட்டமா வரைஞ்சிருந்தீங்க? தெருவே கூடி நின்னு பாத்துச்சு. நான் எங்க இருக்கேன், நான் எங்க இருக்கேன்னு மாமா தேடித் தேடி அலுத்துப் போனார்.

அதே கையால இன்னிக்குக் காம்பவுண்டுக்குள்ளயே கடைங்க கட்டக் கையெழுத்துப் போடப் போறீங்களாமே? கமிட்டித் தலைவர் நீங்கதானே. உள்ளயே சலூன், உள்ளயே மெஸ், பசங்க கேட்டைத் தாண்டவே வேண்டாம். அப்போ அந்த அம்பெல்லாம் உங்க மதில் சுவத்துல முட்டிக்கிட்டு நிக்குமே சார், எங்க தெருவுக்கு எப்படி வரும்?

கோவமெல்லாம் இல்ல, நான் பேசறதே இப்படித்தான். என்னது, டெண்டர்ல நாங்களும் கலந்துக்கலாமா? நல்லா சொன்னீங்க. நீங்க கேக்குற முன்பணத்தைப் படிச்சுக்கிட்டே இஸ்திரி போட்டு, மாமா ஒரு கல்யாண மாப்பிள்ளை சட்டையைக் கருக்கிட்டார்.

குனிங்க. பிடரியில கொஞ்சம்... அவ்வளவுதான்.

ஆச்சு சார். இந்தாங்க உங்க மூக்குக்கண்ணாடி. நிதானமா மாட்டிக்கிட்டுப் பாருங்க.

இடது பக்கமா? ஆமா, அதைத் தொடவே இல்ல. மீட்டிங் முடிஞ்சு வாங்க, முடிவைக் கேட்டுட்டு வெட்டுறேன். மிரட்டலா? ஐயய்யோ, பாதி வேலைக்குக் காசு கூட வாங்கல நான், இதைப் போய் மிரட்டல்ங்கிறீங்க.

பஸ் ஸ்டாண்டு சலூனுக்குப் போறீங்களா? அது எங்க அண்ணனோடது, மூடியிருக்கும். மார்க்கெட்ல இருக்கிறது என் வீட்டுக்காரரோட தம்பி கடை, அதுவும் லீவு. ஊர்ல கத்திரி பிடிக்கிற அத்தனை பேரும் இப்போ உங்க மீட்டிங் ஹால் வாசல்லதான் நிக்கிறாங்க. தொப்பிக் கடையா? அவரும் அங்கதான் சார் நிக்கிறார்.

நான் மட்டும் எதுக்குத் திறந்தேனா? முடி வெட்டிக்காம எந்த மீட்டிங்குக்கும் நீங்க போனதில்லையே. உங்க ஒருத்தருக்காகத்தான் சார்.